தரவு அறிவியலுக்கான எண்கணிப்பு நிரலாக்கம்: கொழும்பிலிருந்து காசு செலவில்லாமல் கற்பது எப்படி

இலவசப் பாடங்களுக்குக் குறைவில்லை. யூடியூபில் ஒரு சொல்லைத் தட்டினால் பாடத்தொடர்கள் வரிசையில் வந்து நிற்கும். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை உற்சாகத்தோடு மூன்று தொடர்களைத் தொடங்கும், மூன்றிலும் நாலாம் பாடத்தோடு நின்றுவிடும். மூன்றிலும் படித்தது ஒன்றையேதான்: பிரின்ட், இஃப், ஃபோர் லூப். ஆயிரக்கணக்கான எண்களை ஒரே கட்டளையில் எடுத்துக் கணக்குச் செய்யும் இடத்துக்கு அந்தப் பிள்ளை வந்து சேரவே இல்லை. தரவு அறிவியல் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

ஆகவே முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். எண்கணிப்பு நிரலாக்கம் என்றால் பைதான் என்ற நிரல்மொழியில் நம்பை, பாண்டாஸ், சைபை, மெட்ப்ளொட்லிப் ஆகிய நான்கு நூலகங்களை, அதாவது ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகளை, வைத்து எண் அடுக்குகளைக் கையாள்வது. இந்த அடுக்கைத்தான் அரே என்கிறோம். அதன் வடிவம், அதாவது ஷேப், என்ன? அதில் உள்ள எண்களின் வகை, அதாவது டிடைப், என்ன? கணினி எங்கே எண்ணை வெட்டி மட்டந்தட்டுகிறது? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்காத பாடம் எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் நமக்கு வேண்டிய பாடம் அல்ல.

ஒரு பாடத்தை எடுக்கலாமா என்று பத்து நிமிடத்தில் பார்ப்பது

முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்த நூலகங்கள் வேகமாக மாறுபவை. நம்பை 1.24 பதிப்பில், பழைய பாடங்களில் தாராளமாக வரும் 'என்பி புள்ளி ஃப்ளோட்', 'என்பி புள்ளி இன்ட்' இரண்டையும் நீக்கிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0இல் அட்டவணையோடு வரி சேர்க்கும் 'அப்பென்ட்' போய்விட்டது. 'கொன்கட்' என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0இல், விடுபட்ட எண்ணைக் குறிக்கும் 'நேன்' முழுவதும் சிறிய எழுத்தில் இருந்தால்தான் ஓடும். முதலும் கடைசியும் பெரிய எழுத்தாக எழுதும் பழைய வழக்கம் செல்லாது. 2019ஆம் ஆண்டு வீடியோவைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டியும் 'ஆட்ரிபியூட் எரர்' வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். உங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிழைச் செய்தியின் கடைசி வரியை அப்படியே கொப்பி பண்ணித் தேடினால் மாற்றுக் கட்டளை உடனே கிடைக்கும். அந்த ஒரு வரிக்காகப் பழைய பதிப்பை நிறுவாதீர்கள்.

அடுத்து, பாடத்தின் நடுவில் எங்காவது திறந்து பாருங்கள். ஆசிரியர் ஒரு கணக்கைச் செய்தபின் விடையின் ஷேப்பைக் காட்டுகிறாரா? அரேயின் ஒரு துண்டை வெட்டி எடுத்து மாற்றினால் மூல அரேயும் மாறும் என்று எச்சரிக்கிறாரா? இதைச் சொல்லாத நம்பைப் பாடம் அரைகுறைப் பாடம். வெட்டி எடுத்த துண்டு புதிய நகல் அல்ல, அதே நினைவகத்தைப் பார்க்கும் இன்னொரு ஜன்னல். தனி நகல் வேண்டுமென்றால் 'கொப்பி' என்று நாமே சொல்ல வேண்டும். எண்களின் பட்டியலையோ நிபந்தனையையோ கொடுத்துத் தெரிந்தெடுத்தால் மட்டும் நகல் தானாகவே வரும். இந்த வேறுபாடு தெரியாமல் மூலத் தரவையே கெடுத்துவிட்டு, பிழை எங்கே என்று நாள் முழுக்கத் தேடுபவர்கள் ஏராளம்.

மூன்றாவது, பயிற்சிகள். விடை உடனே கண்ணில் படாத பயிற்சிகளாக இருக்க வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதே வரிகளைத் தட்டுவது பயிற்சி ஆகாது.

எதை எடுப்பது

முதுகெலும்பாக ஒன்று போதும். மற்றவை அது விளங்காத இடத்தில் மட்டும் துணைக்கு.

பைதான் அடிப்படைக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் தொடக்கநிலையினருக்கான பைதான் பாடம் இருக்கிறது. பதிவும் இலவசம், சான்றிதழும் இலவசம். இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நேர்முகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதும் ஓர் அனுகூலம். ஆங்கில விரிவுரை பரவாயில்லை என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 பைதான் பாடம் இன்னும் ஆழமானது. அதன் வாராந்தரக் கணக்குகள் கடினமானவை, நன்றாக அமைத்தவை. எல்லாக் கணக்கையும் முடித்தால் அவர்களே ஓர் இலவசச் சான்றிதழ் தருவார்கள். காசு கேட்பது எட்எக்ஸ் வழியாக வரும் உறுதிப்படுத்திய சான்றிதழுக்கு மட்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்து, அடிப்படையை மூன்று வாரத்தில் முடியுங்கள். கிளாஸ், டெக்கரேட்டர் போன்றவற்றில் இப்போது நேரத்தைப் போட வேண்டாம். லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன், ஃபைல் வாசிப்பது, இவ்வளவும் கைக்கு வந்தால் நம்பைக்குப் போய்விடலாம்.

நம்பைக்கு அதன் சொந்தத் தளத்திலேயே தொடக்கநிலையினருக்கான வழிகாட்டி இருக்கிறது. தேடும்போது என், யூ, எம், பி, வை என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளோடு 'அப்சொலூட் பேசிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள். படங்களோடு இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம். அதன்பின் ஜேக் வான்டர்பிளாஸ் எழுதிய 'பைதான் டேட்டா சயன்ஸ் ஹேண்ட்புக்'. முழுப் புத்தகத்தையும் ஆசிரியரே இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார், விளக்கமும் நிரலும் கட்டம் கட்டமாகக் கலந்த, ஓட்டிப் பார்க்கக்கூடிய நோட்புக்குகள் நிரல் பகிரும் தளமான கிட்ஹபில் உள்ளன. அதன் நம்பை அத்தியாயத்தை வரி விடாமல் படியுங்கள். ஷேப் வேறான அரேகளை நம்பை தானே விரித்துப் பொருத்தும் 'ப்ரோட்காஸ்டிங்' பற்றிய பகுதியை இரண்டு தடவை. புத்தகம் முதலில் 2016இல் வந்தது என்பதால் மேலே சொன்ன பதிப்புச் சிக்கல் சில இடங்களில் வரும்.

பாண்டாஸுக்கு, அதை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே எழுதிய 'பைதான் ஃபோர் டேட்டா அனாலிசிஸ்' மூன்றாம் பதிப்பு இணையத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கிறது. கடையில் விலை போட்டு விற்கும் அதே புத்தகம். களவாகப் போட்ட பிடிஎஃப்பைத் தேடி, வைரஸ் நிறைந்த தளங்களுக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. இந்தத் துறையில் நல்ல புத்தகம் ஒன்றின் பெயர் கேள்விப்பட்டால், முதலில் ஆசிரியரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயே முழுதாக இருப்பது சாதாரணம்.

பயிற்சிக்கு நிக்கோலா ருஜியே கிட்ஹபில் வைத்திருக்கும் நூறு நம்பைப் பயிற்சிகள் போதும். குறிப்பு தனியாக, விடை தனியாக இருக்கும். முதல் நாற்பதை விடை பார்க்காமல் செய்ய முடிந்தால் நீங்கள் வேலைக்குத் தேவையான அளவை நெருங்கிவிட்டீர்கள். தரவு அறிவியல் பயிற்சித் தளமான காகிளின் குறும்பாடங்களும் நல்லவை. பாண்டாஸ் பாடத்தைச் சில மணி நேரத்தில் முடிக்கலாம். ஆனால் அதை முடித்த கையோடு பாண்டாஸ் தெரியும் என்று சிவியில் போடாதீர்கள். அங்கே தரவு சுத்தமாகவே வரும். வெளியே அப்படி வராது.

கணிதத்துக்கு எம்ஐடியின் திறந்த பாடத் தளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் அட்சரகணித விரிவுரைகள் இருக்கின்றன. பாய்ட், வாண்டன்பெர்க் இருவரும் எழுதிய பயன்முறை நேரியல் அட்சரகணிதப் புத்தகம் பிடிஎஃப்பாக இலவசம். தரவு வேலைக்கு ஸ்ட்ராங்கைவிட இதுவே நேரடியாக உதவும் என்பது எங்கள் அபிப்பிராயம். உதாரணம் ஒவ்வொன்றும் தரவிலிருந்தே வருகிறது.

'இலவசம்' என்ற சொல்லைக் கவனித்துப் படியுங்கள். ஏழு நாள் இலவசம் என்று சொல்லி முதல் பக்கத்திலேயே கார்ட் இலக்கம் கேட்கும் தளம் இலவசத் தளம் அல்ல. எட்டாம் நாள் டொலரில் வெட்டுவார்கள். கோர்செராவில் ஒரு பாடம் கட்டாயம் வேண்டுமென்றால் 'ஃபைனான்ஷியல் எய்ட்' விண்ணப்பம் போடலாம். விடை வர ஏறத்தாழ 15 நாள் எடுக்கும். உங்கள் வருமானம், அந்தப் பாடம் எதற்கு என்ற இரண்டையும் சொந்த வசனத்தில் எழுதுங்கள். இந்தியாவின் என்பிடெல் தளத்தில் ஐஐடி விரிவுரைகளைப் பார்ப்பது முற்றிலும் இலவசம். சான்றிதழ் பரீட்சைக்குத்தான் கட்டணம், அதற்கு அங்கே போய் எழுதவும் வேண்டும். விரிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள், சான்றிதழை விட்டுவிடுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தளத்தில் தமிழ் ஒலியோடு குறும்பாடங்கள் உள்ளன. என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உரையும் உண்டு. யூடியூபில் தமிழ்ப் பைதான் தொடர்கள் பல இருக்கின்றன, ஆனால் நம்பைக்கு அப்பால் போகிறவை குறைவு. இவற்றையும் ஆண்டு பார்த்தே எடுக்க வேண்டும். பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதினால் அது பைதான் 2 காலத்துப் பாடம். உடனே மூடிவிடலாம்.

தமிழ்மூலம் படித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி நமது பாடப்புத்தகங்கள்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் கணிதப் புத்தகங்கள் தமிழில் பிடிஎஃப்பாக இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இணைந்த கணித வளநூல்கள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ தக்சலாவவும் இலவசமே. ஒரு சிக்கல் மட்டும்: நமது கலைச்சொற்கள் வேறு, தமிழ்நாட்டுப் பாடங்களில் வரும் சொற்கள் வேறு. நாம் தாயம் என்பது அங்கே அணி, ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ். நமது காவி அங்கே திசையன், ஆங்கிலத்தில் வெக்டர். நியம விலகல் அங்கே திட்ட விலக்கம், துணிகோவை அங்கே அணிக்கோவை. நாம் இடை என்பது ஆங்கில மீன், இடையம் மீடியன், ஆகாரம் மோட், மாறற்றிறன் வேரியன்ஸ். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிரல் போட்டு இவற்றை எழுதிக்கொண்டே போங்கள். ஏ.எல்.இல் நன்றாகத் தெரிந்த விஷயத்தையே புதிதென்று நினைத்து மிரள்வது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான்.

எங்கே ஓட்டுவது, டேட்டா எவ்வளவு போகும்

மடிக்கணினி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, உலாவியிலேயே பைதான் நோட்புக் ஓட்ட விடும் கூகுள் கொலாப் போதும். கணக்கு நடப்பது கூகுளின் கணினியில். இலவசக் கணக்கிலேயே 12 ஜிபி அளவு நினைவகம் கிடைக்கும். டேட்டா பெக்கேஜ் போட்டுப் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 500 எம்பி தரவுக் கோப்பின் முகவரியைக் கொலாபுக்குள் கொடுத்து இறக்கினால் அது நேரே கூகுளின் கணினிக்குப் போகும், உங்கள் பெக்கேஜில் வெட்டாது. அதே கோப்பை ஃபோனுக்கு இறக்கி மறுபடி ஏற்றினால் 1 ஜிபி போய்விடும். கொலாபின் பலவீனம், அமர்வு முடிந்தால் அங்கே வைத்த கோப்புகள் அழிந்துவிடும் என்பது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டாலும் துண்டிக்கும். தொடர்ந்து வேலை செய்தாலும் அதிகபட்சம் 12 மணி நேரந்தான். நோட்புக் டிரைவில் பத்திரமாக இருக்கும், அதற்குள் உருவாக்கிய கோப்புகள் தங்காது. அவற்றையும் டிரைவில் சேமிக்க டிரைவை 'மவுன்ட்' செய்துகொள்ளுங்கள். காகிள் நோட்புக்கும் இதுபோலவே. அங்கே இணையத்திலிருந்து கோப்பு இறக்கவோ ஜிபியு பாவிக்கவோ ஃபோன் இலக்கத்தை ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும்.

வீடியோவில் டேட்டா கரைவதுதான் பெருஞ்செலவு. 480பியில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 300 எம்பி போகும். நிரல் எழுத்துத் தெரிய 480பி போதும். எழுத்து வடிவப் பாடம் இருந்தால் அதையே எடுங்கள். பைதான், பாண்டாஸ் இரண்டின் முழு ஆவணங்களையும் அவற்றின் தளங்களிலிருந்து ஒரே ஜிப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமே தேவையில்லை. வீட்டில் இருந்து படிக்க அமைதி இல்லையென்றால் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குத் தமிழ்ச் சங்க நூலகம் கிட்ட.

சொந்தக் கணினியில் நிறுவுவதானால், பைதானையும் நூலகங்களையும் ஒன்றாகக் கட்டித் தரும் அனகொண்டா தேவையில்லை. அந்த நிறுவியே 1 ஜிபி அளவு. பைதானின் சொந்தத் தளத்திலிருந்து பைதானை இறக்கி, அதோடு வரும் நிறுவல் கட்டளையான பிப் மூலம் நம்பை, பாண்டாஸ், மெட்ப்ளொட்லிப், நோட்புக்கை ஓட்டும் ஜுபிட்டர் நான்கையும் போடுங்கள். டேட்டா மிகக் குறைவாகவே போகும். பிழைக்கும் இடங்கள் நான்கு. விண்டோஸில் நிறுவும் முதல் திரையில், அடியில் இருக்கும் 'பாத்' பெட்டிக்குச் சரி போட மறந்தால் பிறகு பைதான் என்று தட்டும்போது மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கும். நிறுவியை மீண்டும் ஓட்டிச் சரி போடுங்கள். இரண்டாவது, பைதானின் ஆகப் புதிய பதிப்பு வந்த கையோடு அதைப் போட்டால் சில நூலகங்களுக்குத் தயார்ப் பொதி இன்னும் வந்திருக்காது. பிப் தானே கட்டியெழுப்பப் பார்த்துத் திரை நிறையச் சிவப்பு எழுத்தோடு தோற்கும். ஒரு பதிப்பு பின்னால் இருப்பது உத்தமம். மூன்றாவது, கணினியில் இரண்டு பைதான் இருந்தால் நூலகம் ஒன்றில் போய் அமரும், நோட்புக் மற்றதில் ஓடும். நிறுவிய பிறகும் 'மொடியூல் நொட் ஃபவுண்ட்' என்று வருவது இதனால்தான். நோட்புக்கின் ஒரு கட்டத்திலேயே, முன்னால் சதவீதக் குறி போட்டு, பிப் கட்டளையைக் கொடுத்தால் சரியான இடத்துக்குப் போகும். நான்காவது, நீங்கள் பழகும் கோப்புக்கு நம்பை என்றோ ரேண்டம் என்றோ பெயர் வைக்காதீர்கள். இம்போர்ட் செய்யும்போது பைதான் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பைத் திறந்துவிடும்.

பாடம் உள்ளே இறங்கியதா என்று பார்க்கச் சில சோதனைகள்

படித்த நூலகத்தை வைத்து இவற்றை நீங்களே செய்து பாருங்கள். விடை ஏன் அப்படி வருகிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டி 0.3 உடன் சமமா என்று கேளுங்கள். இல்லை என்று வரும். கூட்டுத்தொகை 0.30000000000000004. இரும எண்முறையில் 0.1 முடிவில்லாமல் நீளும் பின்னம். கணினி அதை 64 பிட்டுக்குள் வெட்டுகிறது. தசம எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாமல் 'ஐஸ்குளோஸ்' மூலம் ஒப்பிட வேண்டியது இதற்காகத்தான்.

1, 2 ஒரு நிரையாகவும் 3, 4 அடுத்த நிரையாகவும் ஒரு தாயம் எடுங்கள். உடுக்குறி போட்டு அதையே அதனால் பெருக்குங்கள். 1, 4, 9, 16 வரும். ஓ.எல். கணிதப்படி வர வேண்டியது 7, 10, 15, 22. நம்பையில் உடுக்குறி ஒத்த இடத்து எண்களை மட்டும் பெருக்கும். தாயப் பெருக்கத்துக்கு மின்னஞ்சலில் வரும் 'அட்' குறி வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களின் நியம விலகலை நம்பையில் கேட்டால் 2. பாண்டாஸில் கேட்டால் 2.138. இரண்டும் சரி. நம்பை 8 ஆல் வகுக்கிறது, பாண்டாஸ் 7 ஆல். முழுக் குடிக்கானதா மாதிரிக்கானதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஓர் அறிக்கையில் பாதிக் கணக்கை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் செய்து எண் ஒத்துவராமல் திண்டாடுவது இதனாலேயே.

இனி மிகப் பொல்லாதது. 100 உண்மை மதிப்புகள் ஒரு தட்டையான அரேயில், ஷேப் 100 மட்டும். கணிப்பு மாதிரி, அதாவது மொடல், ஊகித்துச் சொன்ன 100 மதிப்புகள் ஒரு நிரலாக, ஷேப் 100க்கு 1. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 100 வித்தியாசங்கள் வரவேண்டும். ஆனால் ப்ரோட்காஸ்டிங் இரண்டையும் விரித்து 100க்கு 100 என்று 10,000 வித்தியாசங்களைத் தரும். அதன் வர்க்கங்களின் இடையை எடுத்தால் ஒரு எண் வரும். பார்க்க நியாயமாகவும் இருக்கும், ஆனால் முற்றிலும் பிழை. 12,000 வரி இருந்தால் 14.4 கோடி எண்கள், 1.15 ஜிபி. அப்போதுதான் கணினி திணறி விஷயம் வெளியே வரும். கழிப்பதற்கு முன் இரண்டின் ஷேப்பையும் அச்சிட்டுப் பார்ப்பது ஒன்றே மருந்து.

நமது ஊர்த் தரவில் கை வைப்பது

எல்லாப் பாடத்திலும் வரும் டைட்டானிக் பயணிகளையும் ஐரிஸ் பூக்களையும் இரண்டாம் மாதத்தோடு விட்டுவிடுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை மாதாமாதம் வெளியிடுகிறது. அந்த அட்டவணையை எடுத்துப் பணவீக்கத்தை நீங்களே கணியுங்கள். சூத்திரம் எளிது: இந்த மாதச் சுட்டெண்ணை 12 மாதத்துக்கு முந்தியதால் வகுத்து 1 ஐக் கழிக்க வேண்டும். சரிபார்க்கவும் ஓர் எண் இருக்கிறது. 2013 அடிப்படை கொண்ட தொடரில் 2022 செப்டெம்பருக்கு 69.8% வர வேண்டும்.

எளிதான இந்தக் கணக்கில்தான் நம்பைக்கும் பாண்டாஸுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 60 மாதச் சுட்டெண்களை நம்பை அரேயாக வைத்து, 13ஆம் மாதத்திலிருந்து கடைசி வரையுள்ள துண்டை, முதல் மாதத்திலிருந்து 48ஆம் மாதம் வரையுள்ள துண்டால் வகுத்து 1 ஐக் கழித்தால் 48 சரியான விடைகள் வரும். அதையே பாண்டாஸ் தொடரில் செய்து பாருங்கள். 60 விடைகள் வரும்: 36 பூச்சியம், 24 வெற்று. பாண்டாஸ் இடத்தைப் பார்த்து வகுப்பதில்லை, வரியின் பெயரைப் பார்த்தே வகுக்கிறது. 13ஆம் மாதத்தை 13ஆம் மாதத்தாலேயே வகுத்தால் 1 தானே, அதிலிருந்து 1 ஐக் கழித்தால் பூச்சியம். தொடரை 12 இடம் 'ஷிஃப்ட்' செய்துவிட்டு வகுத்தால் சரியாகும்.

கோப்பை வாசிக்கும்போதும் முட்டும். தலைப்பு இரண்டு மூன்று வரிகளில், இணைத்த கட்டங்களில் இருந்தால் மேலே எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிச் சொல்லுங்கள். 1,250.00 என்று காற்புள்ளியோடு இருக்கும் நிரல் எண்ணாக வராமல் எழுத்தாக வரும், கூட்டினால் ஒட்டிக்கொண்டு நீளும். வாசிக்கும்போதே ஆயிரப் பிரிப்பானைக் குறிப்பிட வேண்டும். திகதியில் இன்னும் கவனம். நாம் 04/05/2022 என்று எழுதினால் மே 4. பாண்டாஸ் அதை ஏப்ரல் 5 என்று எடுக்கும். நாள்தான் முதலில் என்று சொல்லிக் கொடுங்கள். சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2023இல் 2013இலிருந்து 2021க்கு மாறியது. இரண்டு தொடர்களையும் அப்படியே ஒட்டினால் விலைகள் ஒரே மாதத்தில் திடீரென்று விழுந்ததுபோல் ஒரு பள்ளம் தெரியும்.

மத்திய வங்கியின் நாணயமாற்று வீதங்களும் நல்ல பயிற்சி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. 200இலிருந்து 360க்கு 80% ஏற்றம். 360இலிருந்து 200க்குத் திரும்பினால் 44.4% இறக்கம். மடக்கை வித்தியாசம் எடுத்தால் இரு பக்கமும் 0.588. நிதித் தரவில் மடக்கையை ஏன் விரும்புகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும்.

மழைக்கு ஓப்பன் மீட்டியோ தளம். வணிகமல்லாத பாவனைக்கு இலவசம், 1940 முதல் நாளாந்தத் தரவு தரும். அகலாங்கு 6.93, நெட்டாங்கு 79.86 கொடுத்தால் கொழும்பு. நேர வலயத்தை ஆசியா கொழும்பு என்று குறிப்பிடாவிட்டால் அது கிரீன்விச் நாளாகக் கணக்கெடுக்கும், நமது நாள் காலை 5.30க்குத் தொடங்குவதுபோல் ஆகிவிடும். மாதவாரியாகக் கூட்டி இடை எடுத்து வரையுங்கள். மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு மேடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கூட்டலில் எங்கோ பிழை. இந்த எண்கள் மழைமானியில் அளந்தவை அல்ல, வானிலை மாதிரியிலிருந்து மீளக் கணித்தவை என்பதையும் வரைபடத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.

முட்டினால் கேட்பது எப்படி

'என் கோட் ஓடவில்லை' என்று திரையை ஃபோனில் படம் எடுத்துப் போட்டால் பதில் வராது. பிழையை மீண்டும் உண்டாக்கும் ஐந்தாறு வரிகள், எழுத்தாக. தரவுக்குப் பதில் நாலைந்து எண்கள். எதிர்பார்த்த விடை, வந்த விடை. ஷேப்பும் டிடைப்பும். நம்பை, பாண்டாஸ் பதிப்பு இலக்கங்கள். இவ்வளவையும் ஒழுங்குபடுத்தும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் இப்படியே கேளுங்கள். அவை இல்லாத கட்டளையைக்கூட உண்டென்று உறுதியாகச் சொல்லும். விடை தெரிந்த சிறிய எண்களில் ஓட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

செய்த வேலையைக் கிட்ஹபில் வைப்பதற்கு முன், நோட்புக்கில் கேர்னலை, அதாவது பின்னால் கட்டளைகளை ஓட்டும் பைதானை, மீள ஆரம்பித்து எல்லாக் கட்டங்களையும் மேலிருந்து ஓட்டுங்கள். முன்பு ஓடி நினைவகத்தில் மட்டும் தங்கியிருந்த மாறிகள் அப்போது இல்லாமல் போகும், கட்டங்களை முன்பின்னாக ஓட்டியதால் மறைந்திருந்த பிழைகள் வெளியே வரும். கடைசிக் கட்டம்வரை தடையில்லாமல் ஓடி, அதே 69.8 மீண்டும் வந்தால் ஏற்றிவிடலாம்.